ஏ.டி.பி.எல். தியரி பேப்பர்கள்: எது கஷ்டம், ஏன் கஷ்டம், எங்கே தொடங்குவது?

சிப்புட்_பையன் கேட்டது:

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். ஊர் சுங்கை சிப்புட். பைலட் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, வகுப்பு தொடங்க மூன்று மாதம் இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் (படிவம் ஐந்து அரசுத் தேர்வு) கணிதம், இயற்பியல் இரண்டும் நல்ல கிரேடு. கூடுதல் கணிதம் எடுக்கவில்லை. அறிவியல் பாடமெல்லாம் மலாயில் படித்தது.

ஏ.டி.பி.எல். (ஏர்லைன் விமானி லைசென்ஸ்) தியரியைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 13 பேப்பர் என்கிறார் ஒருவர், 14 என்கிறார் இன்னொருவர். கேள்வி வங்கியை உருப்போட்டால் போதும் என்று ஒரு கூட்டம். கூடுதல் கணிதம் இல்லாதவன் அந்தப் பக்கமே போகாதே என்று ஒரு கூட்டம். எந்தப் பாடத்தில் ஆள் விழுகிறார்கள்? ஏன் விழுகிறார்கள்? தோட்டத்து வீட்டில் உட்கார்ந்தபடியே இந்த மூன்று மாதத்தில் எதைத் தொட்டால் பின்னால் கைகொடுக்கும்?

ரன்வே_04:

வாழ்த்து தம்பி. முதலில் அந்த 13, 14 கதை. ஐரோப்பியப் பாடத்திட்டத்தில் வி.எஃப்.ஆர். (கண்ணால் பார்த்துப் பறப்பது), ஐ.எஃப்.ஆர். (கருவியைப் பார்த்துப் பறப்பது) ரேடியோ தொடர்பு முன்பு இரண்டு தனிப் பேப்பர். பிறகு ஒன்றாக்கிவிட்டார்கள். 14 என்பது 13 ஆனது அப்படித்தான்.

மலேசியாவில் தேர்வும் லைசென்சும் சி.ஏ.ஏ.எம். என்ற சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு, 2018-க்கு முன் டி.சி.ஏ. என்று இருந்ததுதான். உங்கள் பேட்ச்சுக்கு எந்தப் பட்டியல், ஒரு பேப்பரை எத்தனை முறை எழுதலாம், மொத்தத்தையும் எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், இந்த மூன்றையும் பள்ளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய விதிப்படி முதல் பேப்பர் எழுதிய மாதக் கடைசியிலிருந்து 18 மாதக் கெடு, ஒரு பேப்பருக்கு நான்கு வாய்ப்பு, பாஸ் மார்க் 75%. நான்காவது முறையும் போனால் அந்தப் பேப்பர் மட்டும் இல்லை, பாஸ் செய்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். கெடுவைத் தாண்டினாலும் அதே கதிதான்.

கஷ்டம் எங்கே என்றால், அளவில். ஒரு பாடத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் படிவம் ஐந்து இயற்பியலைத் தாண்டாது. பதின்மூன்றும் ஒரே நேரத்தில் கழுத்தில் உட்காரும்போதுதான் மூச்சு முட்டும். ஐரோப்பாவில் தியரி வகுப்புக்கு மட்டுமே ஒருங்கிணைந்த கோர்ஸில் (எல்லாம் ஒரே தொடராக) 750 மணி நேரம், மாடுலரில் (பகுதி பகுதியாக) 650 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். வீட்டில் படிப்பது அதற்கு மேல்.

கேள்விகளில் பெரும்பாலும் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்புக்கு மார்க் குறைப்பு கிடையாது, அதனால் எதையும் காலியாக விட்டுவராதீர்கள். வானிலையில் 2 மணி நேரத்தில் 84 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. தெரிந்தவனும் இங்கே தடுமாறுவான், ஏனென்றால் நான்கு விடையில் இரண்டு பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 'இவற்றுள் எது தவறு' என்று கேட்டிருப்பதைக் கவனிக்காமல் முதலில் கண்ணில் பட்ட சரியான வரியைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

கூடுதல் கணிதம் இல்லாதது பிரச்சினையே இல்லை. சைன், கொசைன், விகிதம், வர்க்கமூலம், சூத்திரத்தில் ஒரு உருப்படியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றுவது, இவ்வளவுதான் வேண்டும். கால்குலஸ் எட்டிப் பார்க்காது. ஒரு மாதிரி: வி.எச்.எஃப். ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும்? 1.23 × (√விமான உயரம் + √நிலைய உயரம்), உயரம் அடியில், விடை கடல்மைலில். 36,000 அடியில் விமானம், 100 அடியில் நிலையம் என்றால் 1.23 × (189.7 + 10), சுமார் 246 கடல்மைல். கால்குலேட்டர் தெரிந்தவனுக்கு அரை நிமிட வேலை.

ஆள் விழும் பாடங்கள்: பொது நேவிகேஷன் (வழி கண்டு பறப்பது), வானிலை, பர்ஃபார்மன்ஸ் (விமானம் எழும்ப, ஏற, இறங்க எவ்வளவு முடியும் என்ற கணக்கு), ஃபிளைட் பிளானிங். கருவிகள் பாடமும் கொஞ்சம் முரடு. ஏர் லா, ஆபரேஷனல் புரொசீஜர் இரண்டும் நெட்டுரு. 1944 சிகாகோ ஒப்பந்தம், அதன் எந்த ஆனெக்ஸில் (இணைப்பில்) என்ன இருக்கிறது (13 விபத்து விசாரணை, 14 விமான நிலையம்), இப்படியே போகும். தேர்வுக்குப் பக்கத்தில் படித்தால்தான் தலையில் நிற்கும். இப்போதே தொட்டால் வீண்.

நேவ்_மேசை:

ரன்வே சொன்ன நான்கில் பொது நேவிகேஷனை நான் எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில் கோட்டை விடுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு, அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

பாடத்திட்டம் எழுதப்பட்டது ஐரோப்பிய வானத்துக்கு. நாம் இருப்பது ஏறக்குறைய வடக்கு 5°. புத்தகம் பக்கம் பக்கமாகப் பேசும் பிழைகளில் பாதி நம் ஊரில் கண்ணில் படவே படாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பாகை தீர்க்கரேகையின் அகலம் 60 × கொசைன் அட்சரேகை. 60° வடக்கில் 30 கடல்மைல். சுங்கை சிப்புட்டில் 59.8. இங்கே பறக்கிறவனுக்குத் தீர்க்கரேகைகள் இணைகோடுகள் மாதிரியே தோன்றும்.

கைரோ திசைகாட்டி (சுழலும் சக்கரத்தால் திசை காட்டும் கருவி) பூமி சுழல்வதால் மணிக்கு 15 × சைன் அட்சரேகை அளவு விலகும். 60°-இல் 13 பாகை. இங்கே 1.3. பயிற்சியில் ஒரு மணி நேரம் பறந்தாலும் உறைக்காது.

காந்தத் திசைகாட்டியின் திருப்பப் பிழை, முடுக்கப் பிழை இரண்டும் பூமியின் காந்தக் கோடு கீழ்நோக்கிச் சாய்வதால் வருபவை. காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில் போவதால் சாய்வு சொற்பம், பிழையும் சொற்பம். தீபகற்பத்தில் வேரியேஷனும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையே கூட்டுவதா கழிப்பதா என்ற பழக்கமே கைக்கு வருவதில்லை. தேர்வில் கனடாவிலோ அட்லான்டிக்கிலோ 20° மேற்கு வேரியேஷன் கொடுத்துக் கேட்பான், அப்போது கை நடுங்கும்.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். எந்தச் சூத்திரம் படித்தாலும் இரண்டு முறை போடுங்கள். ஒரு முறை 5° வைத்து, ஒரு முறை 60° வைத்து. இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் சூத்திரம் என்ன பேசுகிறது என்பது தானாகப் பிடிபடும்.

கன்வர்ஜென்சி (இரண்டு தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும் கோணம்) கணக்கு ஒன்றை முழுக்கப் போட்டுக் காட்டுகிறேன். 60° வடக்கு 10° மேற்கிலிருந்து 60° வடக்கு 30° மேற்குக்குப் போக வேண்டும். கிரேட் சர்க்கிள் (உருண்டையில் மிகக் குறுகிய) பாதையின் தொடக்க டிராக், அதாவது தரைமேல் போகும் திசை, என்ன?

முதலில் படம். மேலே ஒன்று சேருவது போல இரண்டு கோடு கிழியுங்கள், அவை தீர்க்கரேகைகள். இடையில் மேற்கு நோக்கி ரம் லைன் (திசை மாறாமல் போகும் பாதை). ஒரே அட்சரேகை என்பதால் டிராக் 270°. கிரேட் சர்க்கிள் எப்போதும் துருவத்தின் பக்கம் வளையும், ஆகவே ரம் லைனுக்கு மேலே ஒரு வில். பிறகுதான் எண். கன்வர்ஜென்சி = தீர்க்கரேகை வித்தியாசம் × சைன் சராசரி அட்சரேகை = 20 × 0.866 = 17.3°. இரண்டு பாதைக்கும் நடுவிலான கோணம் அதில் பாதி, 8.7°. வில் வடக்கே கிளம்புவதால் கூட்ட வேண்டும்: 278.7°. போய்ச் சேரும் இடத்தில் 261.3°.

படம் போடாதவன் 261.3-ஐத் தட்டுவான். அந்த விடையும் நான்கில் ஒன்றாக அங்கே காத்திருக்கும், அப்பட்டமான பொறி. கன்வர்ஜென்சியைப் பாதியாக்க மறந்தவனுக்கு 287.3-உம் தயாராக இருக்கும். தேர்வு எழுதுகிறவர்கள் தப்பான விடைகளைச் சும்மா இட்டு நிரப்புவதில்லை, மாணவன் வழக்கமாக எங்கே சறுக்குவான் என்று பார்த்தே போடுகிறார்கள்.

அறுபதுக்கு ஒன்று விதி இதைவிடச் சுலபம், தினமும் பயன்படும். 40 கடல்மைல் பறந்தபின் பாதையிலிருந்து 4 கடல்மைல் விலகி இருக்கிறீர்கள். விலகல் கோணம் 4 × 60 ÷ 40 = 6°. இன்னும் 60 கடல்மைல் மிச்சம். சேரும் கோணம் 4 × 60 ÷ 60 = 4°. நேரே இலக்குக்குப் போக இரண்டையும் கூட்டி 10° திருப்ப வேண்டும். 6° மட்டும் திருப்பினால் பழைய பாதைக்கு இணையாகத்தான் போய்க்கொண்டிருப்பீர்கள், சேர மாட்டீர்கள்.

மழைமேகம்:

நேவ்_மேசை சொன்ன ஐரோப்பிய வானம் விவகாரம் வானிலையில் இன்னும் மோசம். வார்ம் ஃபிரன்ட் (சூடான காற்று முன்னேறும் எல்லை), கோல்ட் ஃபிரன்ட் (குளிர்காற்று முன்னேறும் எல்லை), அக்லூஷன் (இரண்டும் ஒன்று சேர்வது), போலார் ஃபிரன்ட் ஜெட் (உயரத்தில் வீசும் வேகக் காற்று) எல்லாம் ஒரு பெரும் பகுதி. நம் தலைக்கு மேல் இதில் ஒன்றும் போகாது. எனவே இதை வரைந்துதான் கற்க வேண்டும். வார்ம் ஃபிரன்ட்டின் சரிவு சுமார் 150-க்கு 1, கோல்ட் ஃபிரன்ட் ஏறக்குறைய 50-க்கு 1. சரிவு மெல்லியதாக இருப்பதால் வார்ம் ஃபிரன்ட் வருமுன்பே பல நூறு மைல் முன்னால் சிர்ரஸ் (உயரத்து மெல்லிய மேகம்) தெரிகிறது. பிறகு சிர்ரோஸ்ட்ராட்டஸ், ஆல்டோஸ்ட்ராட்டஸ், நிம்போஸ்ட்ராட்டஸ். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக் கேட்பார்கள். ஃபிரன்ட்டுக்குச் சற்று முன்னே, கீழே உள்ள குளிர்காற்றில் பறக்கும்போதுதான் உறைமழை பிடிக்கும். மேலே இளஞ்சூட்டில் உருவான மழைத்துளி உறைநிலைக்குக் கீழான காற்றில் விழுந்து விமானத்தில் பட்டதும் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

வெப்பமண்டலத்திலிருந்தும் கேட்பார்கள், அங்கே நாம் முந்த வேண்டும். ஆனால் 'எனக்குத் தெரிந்த ஊர்தானே' என்று புத்தகத்தைத் திறக்காமல் போகிறவர்களும் உண்டு. ஸ்டாண்டர்ட் வளிமண்டலத்தில் (கணக்குக்காக வைத்திருக்கும் மாதிரி வளிமண்டலம்) 0° சுமார் 7,500 அடியில். நம் மேலே சுமார் 16,000 அடியில். டிரோப்போபாஸ் (ஏற ஏற வெப்பம் குறைவது நிற்கும் எல்லை) ஸ்டாண்டர்டில் 36,090 அடி, மைனஸ் 56.5°. நிலநடுக்கோட்டில் 55,000 அடி வாக்கில், மைனஸ் 75-க்கும் கீழே. சூடான நாட்டின் மேல் டிரோப்போபாஸ் அதிகக் குளிர் என்பது காதுக்கு ஒவ்வாது, அதனாலேயே அடிக்கடி கேட்கிறார்கள். காரணம் நேரானது: உயரம் கூடியதால் வெப்பம் குறைந்துகொண்டே போக இடமும் கூடியது.

புயல் நிலநடுக்கோட்டுக்கு 5°-க்குள் உருவாகாது, கொரியோலிஸ் விசை போதாது என்பது புத்தக விடை. 2001 டிசம்பர் கடைசியில் வாமெய் சூறாவளி 1.5° வடக்கு வாக்கில் உருவாகி ஜோகூரில் கரையேறியது. அது விதிவிலக்கு, தேர்வில் புத்தக விடையையே தட்டுங்கள்.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு வானிலை படிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ராத்திரி வானம் தெளிந்து, காற்று அசையாமல், முதல் நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்தால், விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் மூடுபனி தேங்கிக் கிடக்கும். ரேடியேஷன் ஃபாக் என்பது அதுதான்: தெளிந்த வானம், அதிக ஈரப்பதம், லேசான காற்று. காற்று அறவே இல்லையென்றால் பனித்துளி மட்டும் விழும். கூடிப்போனால் தரைமேகமாக எழும்பிவிடும். சூரியன் எழுந்தவுடன் பனி கலையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முதல் வெயிலில் காற்று லேசாகக் கலங்குவதால் சற்று நேரம் இன்னும் அடர்த்தியாகும், பிறகுதான் விலகும். இது தேர்வுக் கேள்வி. 1,000 மீட்டருக்குக் கீழே பார்வை இருந்தால் ஃபாக், 1,000 முதல் 5,000 வரை மிஸ்ட். ஈரம் குறைந்து தூசியோ புகையோ என்றால் ஹேஸ், நம் புகைமூட்டக் காலம் மாதிரி.

தென்மேற்குப் பருவத்தில் விடியலில் மேற்குக் கரையை அடிக்கும் சுமத்ரா காற்றும் அப்படியே. மலாக்கா நீரிணையின் மேல் இரவில் வளர்ந்து, வரிசையாக இடிமேகம் கட்டி, காலையில் கரையேறும். ஸ்குவால் லைன் என்ற தலைப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

செலவில்லாத பயிற்சி: தினமும் ஈப்போ விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கையை எடுத்து (நிலையக் குறியீடு டபிள்யூ.எம்.கே.ஐ.) ஒவ்வொரு குறியையும் வாய்விட்டுப் படியுங்கள். வெப்பநிலை 32, பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 24 என்றால் வித்தியாசம் 8, அதை 400-ஆல் பெருக்கினால் குமுலஸ் (சூடேறி எழும் பஞ்சு மேகம்) அடிப்பகுதி சுமார் 3,200 அடி. அறிக்கையில் மேக உயரம் என்ன போட்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். பகல் ஒன்று, இரண்டு மணிக்கு நன்றாகவே ஒத்துவரும், காலையில் ஒத்துவராது. காலையில் கீழே கிடக்கும் மேகம் சூடேறி எழுந்த மேகம் இல்லை.

டாப்_டிராயர்:

கேள்வி வங்கி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் சொல்கிறேன்: வாங்குங்கள், ஆனால் பாடம் முடிந்த பிறகு. முதல் நாளிலிருந்தே வங்கியில் உட்கார்கிறவன் கேள்வியின் முகத்தை மனப்பாடம் செய்கிறான். எண் மாறினால் காலி. ஐரோப்பியப் பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு முன் திருத்தி எழுதப்பட்டபோது பழைய வங்கியை நம்பியவர்கள் திண்டாடினார்கள்.

உருப்போடுவதற்கும் புரிவதற்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமா, பிட்டோட் குழாயை எடுங்கள். வேகமானி காட்டுவது பிட்டோட் அழுத்தத்திலிருந்து (எதிரே மோதும் காற்றின் அழுத்தம்) ஸ்டாட்டிக் அழுத்தத்தை (சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) கழித்தது. பிட்டோட் முழுக்க அடைத்துக்கொண்டால் முதல் எண் உறைந்துவிடும். மேலே ஏற ஏற ஸ்டாட்டிக் குறையும், கழித்தால் மிச்சம் கூடும், வேகம் கூடுவதாகக் காட்டும். இறங்கினால் குறைவாகக் காட்டும். ஸ்டாட்டிக் அடைத்தால் நேர்மாறு: ஏறும்போது குறைவு, இறங்கும்போது அதிகம், உயரமானி அப்படியே நிற்கும், ஏற்ற இறக்க மானி பூஜ்யம். இந்த ஒரு கழித்தலைப் பிடித்துக்கொண்டால் எட்டு விதமாகக் கேட்டாலும் விடை வரும். அதை விட்டு நான்கு எழுத்துச் சுருக்கத்தை நெட்டுரு போட்டால் பதற்றத்தில் எழுத்தே இடம் மாறிவிடும்.

ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளாதீர்கள். 2018 ஜூலையில் பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய ஒரு ஏ330, பிட்டோட் உறைகளைக் கழற்றாமலே எழும்பிவிட்டது. அங்கே மண்குளவி குழாய்க்குள் கூடு கட்டும் என்று உறை போட்டிருந்தார்கள். வேகம் காட்டாமலே திரும்பி வந்து இறங்கினார்கள்.

இன்னொன்று. மேலே எல்லோரும் வானிலை, நேவிகேஷன் என்கிறார்கள். மூன்று மாதம் சும்மா இருக்கிறவனுக்கு நான் முதலில் கொடுப்பது பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஃபிளைட் (விமானம் எப்படிப் பறக்கிறது என்ற பாடம்). லிஃப்ட் (தூக்குவிசை) சூத்திரம் புரிந்தால் பர்ஃபார்மன்ஸ் பாதி முடிந்த மாதிரி. ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கையால் தூக்க முடியாது) லோட் ஃபேக்டரின் (இறக்கை தாங்குவது எடைக்கு எத்தனை மடங்கு என்பது) வர்க்கமூலத்தோடு ஏறும்: 60° சாய்வில் லோட் ஃபேக்டர் 2, ஸ்டால் வேகம் 1.41 மடங்கு. 45°-இல் 1.19 மடங்கு. எடை 20% கூடினால் ஸ்டால் வேகம் 20% கூடாது, 10%-க்குக் கொஞ்சம் கீழே. இதில் விழுகிறவர்கள் ஒரு வகுப்பே இருக்கும்.

நேவ்_மேசை:

டாப்_டிராயர், அந்த வரிசையை நான் ஏற்கவில்லை. பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஃபிளைட் வகுப்பில் ஆசிரியர் படம் போட்டு விளக்கினால் நன்றாக ஏறும். நேவிகேஷன் அப்படி இல்லை, அது கைப்பழக்கம். தினம் பத்துக் கணக்கு என்று மூன்று மாதம் போட்டவனுக்கும் வகுப்பில் போய்த் தொடங்கியவனுக்கும் உள்ள தூரம் கடைசிவரை குறையாது.

சிப்புட்_பையன்:

எல்லோருக்கும் நன்றி. நேவிகேஷனில் ஒரு புத்தகம் கிடைத்தது, இரண்டு சந்தேகம். சமநேரப் புள்ளி (முன்னே போகவும் திரும்பவும் ஒரே நேரம் பிடிக்கும் இடம்) நடுவில் இல்லாமல் காற்று வரும் திசைக்கு ஏன் நகர்கிறது? அப்புறம், எரிபொருள் கணக்கில் லிட்டர், கிலோ, பவுண்ட், கேலன் என்று மாறி மாறி வருகிறதே, எதை அடிப்படையாக வைப்பது? பழைய சி.ஆர்.பி.-5 (நேவிகேஷன் கணக்குப் போடும் வட்டக் கைக்கருவி) ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

ரன்வே_04:

சமநேரப் புள்ளிக்கு ஒரு கணக்கு. மொத்தத் தூரம் 1,200 கடல்மைல், உண்மைக் காற்றுவேகம் (காற்றுக்குள் விமானத்தின் வேகம்) 400 நாட் (மணிக்கு 400 கடல்மைல்), எதிர்காற்று 50. முன்னே போனால் தரைவேகம் 350, திரும்பினால் 450. சரிபாதி 600-இல் நிற்பதாக வையுங்கள். முன்னே போக 600 ÷ 350, ஒரு மணி 43 நிமிடம். திரும்ப 600 ÷ 450, ஒரு மணி 20 நிமிடம். திரும்புவதுதான் லாபம். அப்படியானால் இரண்டும் சமமாகும் இடம் இன்னும் முன்னால்தானே இருக்க வேண்டும்? சூத்திரம்: தூரம் × திரும்பும் வேகம் ÷ இரண்டு வேகத்தின் கூட்டுத்தொகை. 1,200 × 450 ÷ 800 = 675. சரிபார்ப்பு: 675 ÷ 450 = 1.5 மணி, மிச்சம் 525 ÷ 350 = 1.5 மணி. ஒவ்வொரு முறையும் இந்தச் சரிபார்ப்பைப் போடுங்கள், பத்து விநாடிதான்.

பொறி இங்கே இருக்கிறது. ஓர் எஞ்சின் நின்றுபோகும் நிலைக்குச் சமநேரப் புள்ளி கேட்டால், புள்ளியைக் கண்டுபிடிக்க ஒற்றை எஞ்சின் வேகம். ஆனால் அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் கேட்டால் சாதாரண வேகம், ஏனென்றால் அதுவரை இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒற்றை எஞ்சினில் 320 நாட் என்றால் முன்னே 270, பின்னே 370. புள்ளி 1,200 × 370 ÷ 640 = 694 கடல்மைல். அங்கே போய்ச் சேர 694 ÷ 350, ஒரு மணி 59 நிமிடம். 270-ஆல் வகுத்தவன் இரண்டரை மணிக்கு மேல் என்று எழுதுவான். அந்த விடையும் பட்டியலில் இருக்கும்.

எரிபொருள் எல்லை வைத்துத் திரும்பும் புள்ளி வேறு, இதோடு குழப்பாதீர்கள். அதில் தூரம் தேவையே இல்லை, ரிசர்வ் போக மிச்சமுள்ள பறக்கும் நேரம்தான் தேவை. 6 மணி நேரம் என்றால் 6 × 450 ÷ 800 = 3.375 மணி, அதை 350-ஆல் பெருக்கினால் 1,181 கடல்மைல்.

சி.ஆர்.பி.-5 பழையது வாங்கலாம், தாராளமாக. வாங்குமுன் மூன்று சோதனை. ஒன்று, வட்ட ஸ்கேலில் 10-க்கு நேரே 10-ஐ வைத்துச் சுற்றிலும் பாருங்கள், எல்லாக் கோடும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் விலகினால் நடு ரிவெட் தளர்ந்துவிட்டது, வேண்டாம். இரண்டு, காற்றுப் பக்கத்துத் தட்டில் பென்சில் புள்ளி வைத்து விரலால் தேயுங்கள். கீறல் அதிகம் இருந்தால் பழைய புள்ளி அழியாமல் அடுத்த கணக்கைக் கெடுக்கும். மூன்று, தெரிந்த கணக்கு: காற்று 360°-இலிருந்து 30 நாட், ஹெடிங் (மூக்கு நோக்கும் திசை) 090°, வேகம் 120. டிரிஃப்ட் (காற்று பக்கவாட்டில் தள்ளும் கோணம்) வலது 14°, தரைவேகம் 124 வர வேண்டும். ஒரு பாகை, ஒரு நாட் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. இன்னொன்று, 300 நாட்டுக்கு மேல் உண்மைக் காற்றுவேகம் வந்தால் அமுக்கத் திருத்தம் போட வேண்டும். அந்தச் சின்ன ஜன்னலைத் திருப்ப மறக்கிறவர்கள் பலர், வேகம் கூடுதலாகவே வரும்.

டாப்_டிராயர்:

எரிபொருளுக்கு: எல்லாவற்றையும் முதலில் கிலோவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், கடைசியில் கேட்ட அலகுக்கு மாற்றுங்கள். லிட்டர் × ஒப்படர்த்தி = கிலோ. 10,000 லிட்டர், 0.8 என்றால் 8,000 கிலோ. கிலோ × 2.205 = பவுண்ட், 17,640. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், இங்கிலாந்து கேலன் 4.546, எந்தக் கேலன் என்பதைக் கேள்வியில் அடிக்கோடு போடுங்கள். 1983 ஜூலையில் கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் கிளைடர் மாதிரி இறங்கியது. தேவைப்பட்டது 22,300 கிலோ. லிட்டருக்கு 1.77 என்ற எண்ணை எடுத்துப் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண், கிலோவுக்கு 0.8 பக்கம். பாதிக்கும் குறைவாக நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எடை, சமநிலைப் பாடமும் இதே பெருக்கல் வகுத்தல்தான். சரக்கை நகர்த்தும் கணக்குக்கு ஒரே விகிதம்: நகர்த்தும் எடை ÷ மொத்த எடை = எடை மையம் நகரும் தூரம் ÷ சரக்கு நகரும் தூரம். மொத்தம் 60,000 கிலோ, மையம் 0.1 மீட்டர் முன்னே வர வேண்டும், இரண்டு சரக்கறைக்கும் இடையே 12 மீட்டர்: 60,000 × 0.1 ÷ 12 = 500 கிலோ. சரக்கை நகர்த்தாமல் புதிதாக ஏற்றினாலோ இறக்கினாலோ இந்த விகிதம் செல்லாது, மொத்த எடையே மாறிவிடுகிறது. அப்போது மொமென்ட் (எடை × தூரம்) எல்லாவற்றையும் கூட்டி எடையால் வகுக்கும் நீள வழிதான்.

மழைமேகம்:

தம்பி, தியரிக்கு வெளியே ஒன்று. பள்ளிக்கு முழுப்பணம் கட்டுவதற்கோ கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கோ முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வை, காது, இதயம் எல்லாம் அதில் பார்ப்பார்கள். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பது மட்டுமே தடையாகாது, நிறக்குறை அப்படி இல்லை.

சிப்புட்_பையன்:

மருத்துவம் அடுத்த வாரம் பதிந்திருக்கிறேன். சி.ஆர்.பி.-யில் அந்த 360/30 கணக்கைப் போட்டேன், டிரிஃப்ட் 14 சரி, ஆனால் தரைவேகம் 116 வருகிறது. கருவி கோளாறா?

நேவ்_மேசை:

கருவி சரி. புள்ளியை வைத்தபின் ஹெடிங்குக்குப் பதில் டிராக்கை இன்டெக்ஸில் (தட்டின் மேல் குறியில்) 090-க்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். டிராக் 090 என்று வைத்தால் முக்கோணமே வேறு: 120-இன் வர்க்கத்திலிருந்து 30-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் 116, நீங்கள் சொன்ன அதே எண். அதில் டிரிஃப்ட் 14.5. கேள்வியில் கொடுத்தது ஹெடிங்கா டிராக்கா என்று முதலில் வட்டம் போடுங்கள். ஹெடிங் தெரிந்தால் நேரே வைத்துப் படிக்கலாம். டிராக் தெரிந்தால் டிரிஃப்ட்டைப் பார்த்துத் தட்டைத் திருப்பி, மறுபடி டிரிஃப்ட் பார்த்து, இரண்டும் ஒத்துவரும்வரை திருத்த வேண்டும். ஃபிளைட் பிளானிங்கில் பெரும்பாலும் டிராக்தான் கொடுப்பார்கள்.

வாங்கிவிடுங்கள்.